கடலை மூடிய அமைச்சர்: ஜான் கிராஸ்பி பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில், மீன்பிடித் தடைக்காலம் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, 1992ஆம் ஆண்டில் கனடாவின் மீன்வளத்துறை அமைச்சராக இருந்த ஜான் கிராஸ்பி, தம் சொந்த மாநிலமான நியூஃபவுண்ட்லாந்தின் கடலிலேயே, காட் என்னும் குளிர்கடல் மீனைப் பிடிப்பதை நிறுத்திவைத்தார் என்று ஒரு வரி குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வரியைப் பற்றியே நம் குமரி மாவட்டத்தின் நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரையுள்ள கடற்கரை ஊர்களிலிருந்தும், நாகர்கோவிலிலிருந்தும் கடிதங்கள் குவிந்துவிட்டன. எனவே இவ்விதழின் பதில்கள் அனைத்தும் அவரைப் பற்றியவை.

கிராஸ்பி மீனவர் குடும்பத்தில் பிறந்தவரா? மீனவர் வீட்டுப் பிள்ளை கடலை மூடியிருப்பாரா என்று எங்கள் ஊரில் பேச்சு நடந்தது, ஐயா.
– வாசகர், குளச்சல்

அவர் மீனவர் வீட்டுப் பிள்ளை அல்லர். மீனவரிடம் மீன் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பிய வணிகக் குடும்பத்துப் பிள்ளை. 1931 ஜனவரி 30 அன்று நியூஃபவுண்ட்லாந்து தீவின் தலைநகரான செயின்ட் ஜான்ஸில் பிறந்தார். அக்காலத்தில் அத்தீவு கனடாவோடு சேர்ந்திருக்கவில்லை. அங்கே வியாபாரி வலையும் உப்பும் மாவும் கடனாகக் கொடுப்பார். பருவம் முடிந்ததும் உப்பிட்டுக் காயவைத்த மீனைத் தாம் வைத்த விலைக்கே எடுத்துக்கொள்வார். காசைக் கையில் பார்க்காமலேயே வாழ்ந்து முடித்த மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். முன்பணம் வாங்கிய படகு அந்த வியாபாரிக்கே மீன் போட வேண்டும் என்ற கட்டை அறிந்த நம் கடப்புறத்து மக்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கிராஸ்பியின் மீது மீனவர்களுக்கு இருந்த கோபத்தில் இந்தப் பழைய கணக்கும் ஓரளவு கலந்திருந்தது என்றே நான் கருதுகிறேன்.

அவருடைய தந்தை செஸ்லி கிராஸ்பி, தீவு கனடாவோடு இணைவதை எதிர்த்து, அமெரிக்காவோடு பொருளாதார உறவு வேண்டும் என்று இயக்கம் நடத்தியவர். 1948இல் நடந்த இரண்டாவது பொது வாக்கெடுப்பில் 52 விழுக்காட்டைச் சற்றே தாண்டிய வாக்குகளால் இணைப்புத் தரப்பு வென்றது. 1949 மார்ச் 31 அன்று தீவு கனடாவின் மாநிலமாயிற்று. 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்த நம் மாவட்டத்தில், இணைப்பு என்ற ஒன்று ஒரு தலைமுறையின் அரசியலை எவ்வளவு காலம் ஆட்டிவைக்கும் என்பதை மூத்தவர்கள் அறிவார்கள். இணைப்பை எதிர்த்தவரின் மகன், இணைந்த நாட்டின் நடுவண் அமைச்சராகி அத்தீவின் மிகக் கடினமான ஆணையைப் பிறப்பிக்க நேர்ந்தது.

அவர் முதலில் லிபரல் கட்சியில் இருந்து பின்னர் கன்சர்வேட்டிவ் கட்சிக்குத் தாவியவர் என்று என் மகன் சொல்கிறான். அப்படிப்பட்டவரை எப்படி நம்புவது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மார்த்தாண்டம்

தாவியது உண்மை, ஆனால் எதற்காகத் தாவினார் என்பதையும் பார்க்க வேண்டும். குவீன்ஸ் பல்கலைக்கழகத்திலும் டல்ஹவுசி சட்டக் கல்லூரியிலும் பயின்று வழக்கறிஞரான அவர், செயின்ட் ஜான்ஸ் நகர்மன்றத்தில் துணை மேயராக இருந்தபோது, மாநிலத்தின் முதல் முதலமைச்சரான ஜோயி ஸ்மால்வுட் 1966இல் அவரைத் தம் லிபரல் அமைச்சரவைக்கு அழைத்துக்கொண்டார். ஸ்மால்வுட்தான் தீவைக் கனடாவோடு இணைத்தவர்; கட்சியில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. கம் பை சான்ஸ் என்ற ஊரில் ஜான் ஷாஹீன் என்ற அமெரிக்கத் தொழிலதிபர் அமைக்கவிருந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கு அரசுப் பணத்தையும் பொறுப்பையும் அள்ளிக்கொடுக்கும் ஏற்பாட்டை ஏற்க முடியாது என்று, 1968இல் கிராஸ்பியும் கிளைட் வெல்ஸ் என்ற இளம் அமைச்சரும் பதவி விலகினார்கள். அடுத்த ஆண்டு கட்சித் தலைமைக்கு ஸ்மால்வுட்டையே எதிர்த்து நின்று தோற்றார். அதன் பின்னரே முற்போக்குக் கன்சர்வேட்டிவ் கட்சியில் சேர்ந்தார். 1972இல் அக்கட்சி மாநிலத்தில் ஆட்சிக்கு வந்ததும் நிதி முதலான துறைகளைக் கவனித்தார். அந்த ஆலை 1976இல் பெருங்கடனில் மூழ்கித் திவாலாயிற்று. பதவிக்காக ஆளுங்கட்சியில் சேருகிறவர்களைப் பார்த்துச் சலித்த நமக்கு, பதவியை விட்டுவிட்டு வெளியேறி, தலைவரையே எதிர்த்து நின்ற ஒருவரை அதே தட்டில் வைப்பது நியாயமாகத் தோன்றவில்லை.

ஒரே ஒரு பட்ஜெட்டால் கனடாவில் ஓர் ஆட்சி கவிழ்ந்ததாமே? அந்தப் பட்ஜெட்டைப் போட்டவரும் இவர்தானா?
– வணிகவியல் மாணவர், நாகர்கோவில்

இவரேதான். 1976இல் நடந்த இடைத்தேர்தலில் வென்று, நாட்டின் தலைநகரான ஒட்டாவாவின் நாடாளுமன்றத்துக்குச் சென்ற கிராஸ்பி, 1979இல் ஜோ கிளார்க் அமைத்த சிறுபான்மை அரசில் நிதியமைச்சரானார். அவ்வாண்டு டிசம்பர் 11 அன்று வாசித்த வரவு செலவுத் திட்டத்தில், பெட்ரோலுக்குக் கேலனுக்கு 18 சென்ட் வரி விதித்தார். குறுகிய கால வேதனை, நீண்ட கால நன்மைக்காக என்பது அவர் வாதம். இரண்டே நாளில், டிசம்பர் 13 அன்று, 139க்கு 133 என்ற கணக்கில் அரசு தோற்றது. சில கன்சர்வேட்டிவ் உறுப்பினர்கள் அவையில் இல்லை. கியூபெக்கைச் சேர்ந்த சோஷியல் கிரெடிட் கட்சியின் ஐந்து பேர் வாக்களிக்காமல் ஒதுங்கினார்கள். 1980 பிப்ரவரித் தேர்தலில் பியேர் ட்ரூடோ மீண்டும் பிரதமரானார். ஏறத்தாழ ஒன்பது மாதம் நீடித்த தம் அரசைப் பற்றி, கருத்தரிக்கப் போதுமான காலம் கிடைத்தது, பெற்றெடுக்கத்தான் போதவில்லை என்று கிராஸ்பி சொன்ன சொல் கனடாவில் இன்றும் நினைவுகூரப்படுகிறது.

என் கருத்தில், பட்ஜெட்டின் உள்ளடக்கத்தைவிட, வாக்குக் கணக்குப் பார்க்காமல் அவையைச் சந்தித்ததே அங்கு நடந்த தவறு. அந்தப் பொறுப்பு நிதியமைச்சரைவிடப் பிரதமரையும் கட்சிக் கொறடாவையுமே சாரும்.

பிரெஞ்சு தெரியாததால் பிரதமர் பதவியை இழந்தாரா?
– வாசகி, களியக்காவிளை

1983 கட்சித் தலைமைப் போட்டியில் மூன்றாவதாக வந்தார். பிரையன் மல்ரோனி வென்று, மறு ஆண்டே பிரதமரானார். பிரெஞ்சு பேசத் தெரியாதது பற்றிக் கேட்டபோது, தமக்குச் சீன மொழியும்தான் தெரியாது என்ற பொருள்படப் பதிலளித்தது, பிரெஞ்சு பேசும் கியூபெக் மாநில மக்களைப் புண்படுத்தியது. காமராசரை 1969இலும் 1971இலும் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய நாகர்கோவில் தொகுதியில், மொழி தெரியாமை ஒரு தலைவரின் தகுதியைக் குறைப்பதில்லை என்று சொன்னால் எல்லோரும் ஒப்புவார்கள். ஆனால் அடுத்தவர் மொழியைப் பொருட்படுத்தாத பதில் வேறு வகை. அந்தப் பதிலே அவரைத் தோற்கடித்தது.

கடலை மூடிய அன்று என்ன நடந்தது என்பதை விரிவாக எழுத வேண்டும். எங்களுக்கு ஆண்டுதோறும் 61 நாள் தடையே பெரும் பாடாக இருக்கிறது.
– விசைப்படகுத் தொழிலாளர், முட்டம்

நம் மாவட்டத்தில் கிழக்குக் கடற்கரைப் பகுதிக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கடற்கரைப் பகுதிக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் விசைப்படகுகளுக்குத் தடை. நாட்டுப்படகும் வள்ளமும் போகலாம். முடியும் நாளும் முன்கூட்டியே தெரியும். நியூஃபவுண்ட்லாந்தில் நடந்தது இதுவன்று. அங்கே இழுவைக் கப்பல், சிறு படகு, கரையோரப் பொறிவலை என்ற வேறுபாடின்றி, அத்தீவை ஒட்டிய கடலில் வாழும், வடக்குக் காட் எனப்படும் காட் மீன் கூட்டத்தைத் தொழிலாகப் பிடிப்பது முழுவதும் நின்றது. இரண்டு ஆண்டு என்று சொல்லி மூடினார்கள்.

1992 ஜூலை 1 கனடாவின் தேசிய நாள். அன்று கிராஸ்பி, செயின்ட் ஜான்ஸுக்குத் தெற்கே உள்ள பே புல்ஸ் என்ற மீனவக் கிராமத்துக்குச் சென்றார். என்ன அறிவிப்பு வரப்போகிறது என்பது ஊருக்குத் தெரிந்துவிட்டிருந்தது. கூட்டம் அவரைச் சூழ்ந்து கேள்விமேல் கேள்வியாகக் கேட்டபோது, பொறுமையிழந்து, கடலிலிருந்த மீனை எடுத்தவன் நான் இல்லை என்று கத்திவிட்டார். அவர் உண்மையில் பேசியது இதைவிடக் கடுமையான சொற்களில். அது தொலைக்காட்சியில் நாடெங்கும் ஒளிபரப்பானது. மறுநாள் செயின்ட் ஜான்ஸில் ஒரு விடுதியில் செய்தியாளர்களைக் கூட்டித் தடையை அறிவித்தார். உள்ளே விடப்படாத மீனவர்கள், மூடியிருந்த கதவை இடித்துத் திறக்க முயன்றார்கள். அந்த ஓசைக்கு நடுவே அமைச்சர் அறிக்கையை வாசித்துக்கொண்டிருந்தார்.

உடனடி உதவியாக வாரத்துக்கு 225 டாலர் என்று அவர் சொன்னதுதான் கதவை இடித்தவர்களின் ஆத்திரத்தை இரட்டிப்பாக்கியது. எதிர்ப்புக்குப் பின் அத்தொகை உயர்த்தப்பட்டு, உச்சவரம்பு வாரத்துக்கு 406 டாலராயிற்று. முதலில் ஏறத்தாழ 19,000 மீனவர்களும் ஆலைத் தொழிலாளர்களும் வேலையிழந்தார்கள். பின்னர் அந்த எண்ணிக்கை 30,000ஐத் தொட்டது. மீன் வெட்டும் ஆலைகளில் பணி செய்த பெண்கள் இதில் பெரும்பங்கு. நம் தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் என்ற நிலையில் அங்குக் கொடுக்கப்பட்டது பெருந்தொகையாகத் தோன்றலாம். ஆனால் ஐந்நூறு ஆண்டுகளாக ஒரே மீனை நம்பிய ஊர்களுக்கு அது ஈடாகவில்லை. 1991 கணக்கெடுப்பில் 5,68,000ஐத் தாண்டியிருந்த மாநில மக்கள்தொகை, 2001இல் 5,13,000க்குக் குறைந்தது. இளையோர் ஆல்பர்ட்டாவுக்கும் ஒன்டாரியோவுக்கும் வேலை தேடிப் போய்விட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்று அம்மாநிலத்தின் முதலமைச்சராக இருந்தவர், 1968இல் கிராஸ்பியோடு பதவி விலகிய அதே கிளைட் வெல்ஸ்.

மீன் குறைந்ததற்கு யார் காரணம்? கப்பல்காரர்களா, அதிகாரிகளா, அமைச்சரா? நேராகச் சொல்லுங்கள்.
– ஆழ்கடல் மீனவர், தூத்தூர்

நேராகவே சொல்கிறேன். மூவருமே காரணம், ஆனால் மூவரின் பங்கும் சமமல்ல.

1497இல் ஜான் கேபட் அக்கடலுக்குச் சென்று திரும்பியபோது, கூடையை இறக்கியே மீன் அள்ளலாம் என்ற பேச்சு ஐரோப்பாவில் பரவியது. நானூற்றைம்பது ஆண்டுகள் தூண்டிலும் சிறு வலையுமாகப் பிடித்தும் அந்த மீன் வற்றவில்லை. 1950களில் பிடித்த மீனைக் கப்பலிலேயே வெட்டி உறையவைக்கும் பெரும் இழுவைக் கப்பல்கள் வந்தன. சோவியத் நாடு, ஸ்பெயின், போர்ச்சுகல், ஜெர்மனி ஆகிய நாடுகளின் கப்பல்கள் இரவு பகலாக இழுத்தன. 1968இல் வடக்குக் காட் மீன்பிடிப்பு 8,10,000 டன்னைத் தொட்டது. அதன் பின் சரிந்துகொண்டே போயிற்று. 1977இல் கனடா 200 கடல் மைல் எல்லையை அறிவித்து அயலாரை வெளியேற்றியது. இனிக் கடல் நமதே என்ற மகிழ்ச்சியில், கனடா தன் சொந்த இழுவைக் கப்பல்களைப் பெருக்கிக்கொண்டது. அயலார் செய்ததை உள்நாட்டார் தொடர்ந்தார்கள்.

எண்பதுகளில் கரையோர மீனவர்கள் இரண்டு செய்திகளைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்: மீன் கரைக்கு வருவது குறைகிறது, வருவதும் சிறிதாக இருக்கிறது. அரசின் அறிவியலாளர்களோ மீன் பெருகுவதாகக் கணக்குக் காட்டினார்கள். இந்த முரண்பாட்டின் காரணத்தை ஆழ்கடலில், மீன் கூட்டத்தை ஒலியால் காட்டும் எக்கோ சவுண்டர் கருவியைப் பார்த்து வலை இறக்கும் தூத்தூர்க்காரர்கள் எளிதில் புரிந்துகொள்வீர்கள். அதிகாரிகள் தங்கள் கணக்குக்குப் பெரிதும் நம்பியது, கப்பல்கள் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு பிடிக்கின்றன என்ற அளவை. மொத்த மீன் குறைந்தாலும், மிஞ்சிய மீன் குளிர்காலத்தில் முட்டையிடும் திட்டுகளில் அடர்ந்து கூடும்; கருவியுள்ள கப்பல் நேரே அங்குச் சென்று மடியை நிரப்பும்; மணிக் கணக்கில் பார்த்தால் பிடிப்பு குறையவே இல்லை என்று தோன்றும். கரையோரம் ஓரிடத்தில் வலை வைத்துக் காத்திருந்தவனுக்கே உண்மை தெரிந்தது. 2012க்குப் பின் கேரளக் கரையில் சாளை வீழ்ந்தபோதும், முதலில் அதை உணர்ந்து சொன்னவர்கள் சிறு வள்ளக்காரர்களே.

கரையோர மீனவர் சங்கம் தன் செலவில் தனி ஆய்வை நடத்தி, அரசின் கணக்கு பிழை என்று 1986இலேயே சொன்னது. 1989 தொடங்கும்போது அரசின் அறிவியலாளர்களே தங்கள் பழைய மதிப்பீடு மிகையானது என்று ஒப்புக்கொண்டு, அவ்வாண்டில் பிடிக்க அனுமதிக்கும் அளவை 1,25,000 டன்னாகக் குறைக்கச் சொன்னார்கள். அரசு நிர்ணயித்தது 2,35,000 டன். அப்போது மீன்வளத்துறை கிராஸ்பியிடம் இல்லை. அவர் பன்னாட்டு வணிக அமைச்சர். ஆனால் நியூஃபவுண்ட்லாந்தின் குரலாக அமைச்சரவையில் அமர்ந்திருந்தவர் அவர்தான்; ஒரேயடியாக இவ்வளவு குறைத்தால் ஆலைகளும் ஊர்களும் அழியும் என்ற வாதம் அவருடையதாகவும் இருந்தது. 1991 ஏப்ரலில் மீன்வளத்துறையை ஏற்று, 1992 பிப்ரவரியில் அளவை 1,20,000 டன்னாகக் குறைத்தார். ஜூன் மாதத்துக்குள், குறைக்க இனி ஒன்றுமில்லை என்று தெரிந்துவிட்டது.

ஆகவே, மீனை எடுத்தவன் நான் இல்லை என்று பே புல்ஸில் அவர் சொன்னது பாதி உண்மை. மீனை எடுத்தது கப்பல். எடுக்க அனுமதி அளித்தது அவர் அமர்ந்திருந்த அமைச்சரவை. 1992இல் அவர் காட்டிய துணிவை நான் மதிக்கிறேன். தம் வாக்காளர்கள் முகத்துக்கு நேரே நின்று, அவர்கள் பிழைப்பை நிறுத்தும் ஆணையை வாசிப்பது எந்த அரசியல்வாதிக்கும் எளிதன்று. அதில் பாதித் துணிவு 1989இல் இருந்திருந்தால், தடை இவ்வளவு நீண்டிருக்காது என்பதே என் உறுதியான எண்ணம். கரைக்கு அருகே விசைப்படகு இழுப்பதைத் தடுக்கும் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதை மீறுகிறவர்களைக் கண்டும் காணாமல் விடும் போக்கு நம் கரையிலும் இருக்கிறது. உங்களைப் போன்ற ஆழ்கடல் தொழிலாளரும், மணக்குடி, ராஜாக்கமங்கலம் துறைகளில் வள்ளம் இறக்குகிறவர்களும் ஒரே மேசையில் அமர்ந்து இதைப் பேசியாக வேண்டும்.

பெண் உறுப்பினர்களை அவமதித்துப் பேசினார் என்பதை நீங்கள் ஏன் சென்ற இதழில் எழுதவில்லை?
– கல்லூரி விரிவுரையாளர், நாகர்கோவில்

சென்ற இதழில் அவரைப் பற்றி ஒரு வரியே எழுதியதால் இடம் வரவில்லை. மறைக்கும் நோக்கம் இல்லை. 1985இல் நாடாளுமன்றத்தில் லிபரல் உறுப்பினர் ஷீலா காப்ஸைப் பார்த்து, சும்மா இரு குழந்தாய் என்ற தொனியில் பேசினார். நான் யாருக்கும் குழந்தை அல்ல என்று காப்ஸ் திருப்பிக் கொடுத்தார். 1990இல் அவரை மதுவோடு இணைத்து மீண்டும் இழிவாகப் பேசினார். பிற்காலத்தில் இருவரும் பகை மறந்து பழகியது உண்மையாயினும், அவையில் ஒரு பெண்ணைப் பெண் என்பதற்காகச் சிறுமைப்படுத்துவது நகைச்சுவை ஆகாது. அவருடைய பேச்சுத் திறனைப் புகழ்பவர்கள் இதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

அவருடைய தீவுக்கு எண்ணெய் எடுக்கும் தொழிலைக் கொண்டுவந்ததும் அவர்தான் என்கிறார்கள். குமரிக் கடலில் எண்ணெய், எரிவாயு தேடும் திட்டத்தை நாங்கள் எதிர்த்துவரும் வேளையில், இதைப் பற்றி உங்கள் கருத்து என்ன?
– மீனவர் சங்க உறுப்பினர், இனயம்

1985 பிப்ரவரியில் கையெழுத்தான அட்லாண்டிக் உடன்பாடு, கடலடி எண்ணெயில் மாநிலத்துக்கு நிர்வாகத்திலும் வருவாயிலும் உரிய பங்கை அளித்தது. அதற்கு அமைச்சரவைக்குள் துணைநின்றவர் கிராஸ்பி. ஹைபெர்னியா எண்ணெய்த் திட்டத்திலிருந்து 1992இல் ஒரு பெரு நிறுவனம் விலகியபோது, நடுவண் அரசே 8.5 விழுக்காடு பங்கை ஏற்கும்படி செய்ததிலும் அவர் பங்கு பெரிது. 1997 நவம்பரில் அங்கு எண்ணெய் வரத் தொடங்கியது. அம்மாநிலத்தின் கருவூலம் நிரம்பியது. ஆயினும் வேலையிழந்த மீனவக் கிராமங்கள் அனைத்தும் அதனால் பிழைத்துவிடவில்லை.

இங்கே நீங்கள் கவனிக்க வேண்டியது அந்த உடன்பாட்டின் அமைப்பை. நடுவண் அரசும் மாநில அரசும் சம உரிமையோடு அமரும் ஒரு வாரியம் முடிவெடுக்கிறது. நிலத்தில் கிடைத்த வளத்துக்கு ஒப்பாக மாநிலமே வரியும் உரிமத்தொகையும் விதிக்கலாம். நம் கடலில் அப்படி எந்த உரிமையும் தமிழ்நாட்டுக்கோ கடற்கரை ஊர்களுக்கோ வழங்கப்படவில்லை. ஹைபெர்னியா நிற்பது கரையிலிருந்து ஏறத்தாழ 315 கிலோமீட்டருக்கு அப்பால் என்பதையும் மறக்கலாகாது. மீனவரைக் கேட்காமல் எடுக்கும் முடிவை நீங்கள் எதிர்ப்பது முற்றிலும் நியாயம்.

கடைசியில் மீன் திரும்பி வந்ததா? கிராஸ்பி அதைப் பார்த்தாரா?
– வாசகர், தேங்காய்ப்பட்டணம்

அவர் பார்க்கவில்லை. 1993 தேர்தலில் கிராஸ்பி போட்டியிடவில்லை. அத்தேர்தலில் அவருடைய கட்சி இரண்டே இடங்களுக்குச் சுருங்கியது. அதன் பின் மெமோரியல் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும், 2008 முதல் 2013 வரை மாநிலத்தின் துணைநிலை ஆளுநராகவும் இருந்து, 2020 ஜனவரி 10 அன்று தம் 88ஆம் வயதில் காலமானார்.

இரண்டு ஆண்டு என்று தொடங்கிய தடை 32 ஆண்டுகள் நீடித்தது. இடைக்காலத்தில் நண்டும் இறாலும் பெருகி, படகு வைத்திருந்தவர்களுக்குக் காட் மீனைவிடக் கூடுதல் வருமானம் கொடுத்தன. படகும் உரிமமும் இல்லாத ஆலைத் தொழிலாளருக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. 2024 ஜூன் மாதத்தில் கனடா அரசு வடக்குக் காட் தடையை முடித்து, கனடாவினருக்கு 18,000 டன் என்று அளவு வைத்தது. 1968இன் 8,10,000 டன்னோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தால், திரும்பி வந்தது எவ்வளவு என்பது விளங்கும். அந்த அறிவிப்பை மீனவர் சங்கமே கண்டித்தது. முதலில் கரையோரப் படகுகளுக்கு மட்டும் கொடுத்து மீனைப் பெருகவிடாமல், பெரிய இழுவைக் கப்பல்களையும் அயல்நாட்டுக் கப்பல்களையும் ஏன் உடனே உள்ளே விடுகிறீர்கள் என்று அச்சங்கம் ஒட்டாவாவைக் கேட்டது.